குவாவா: ஸமூதின் ஊர் அன்று

பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்ற சமுதாயங்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. மத்ரஸாவில் இப்பாடம் வரும்போது ஆது கூட்டத்தார், ஸமூது கூட்டத்தார், ஃபிர்அவ்ன் என்று பெயர்களை அடுக்குகிறோம். பிள்ளைகளும் தலையாட்டிக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்ட பிள்ளை ஒருநாள் உண்மையிலேயே ஒரு பாழூரின் நடுவில் போய் நின்றால் என்ன கேட்கும்? சென்ற கோடையில் அதற்கு விடை கிடைத்தது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்க்கி நகரில் எங்கள் மைத்துனரின் குடும்பம் வசிக்கிறது. பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். அல்லாஹ்வின் அருளால் இம்முறை பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு போய்வர வாய்த்தது. அந்த மாநிலம் நாம் படங்களில் காணும் அமெரிக்கா அன்று. வானளாவிய கட்டடங்களோ பச்சைப் புல்வெளிகளோ அங்கு அதிகமில்லை. செம்மண் நிலமும், முட்புதர்களும், எட்டாத உயரத்தில் தெளிந்த வானமுமே கண்ணுக்குத் தெரிகின்றன. மண் நிறத்திலேயே வீடுகள். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த வெயிலும் வறண்ட காற்றும் பழகியவைபோல் தோன்றும்.

மைத்துனர் வீட்டின் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. பாண்டலியர் என்னும் பள்ளத்தாக்கில், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறையைக் குடைந்து, பழங்குடி மக்கள் அமைத்த அறைகளின் படம் அது. எங்கள் பத்து வயது மகள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். மலைகளைக் குடைந்து வீடுகள் அமைத்தவர்கள் என்று ஸமூது கூட்டத்தாரைப் பற்றி அவள் ஓதியிருக்கிறாள். அந்தப் படமும் அந்தப் பாடமும் அவள் மனத்தில் ஒன்றாகிவிட்டன என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை, அல்புகர்க்கியிலிருந்து வடக்கே ஏறத்தாழ அரை மணி நேரப் பயணத்தில் உள்ள பெர்னலியோ என்னும் சிற்றூருக்கு மைத்துனர் எங்களை அழைத்துச் சென்றார். ரியோ கிராண்டே ஆற்றின் மேற்குக் கரையில், சாண்டியா மலைத்தொடரைப் பார்த்தவாறு ஒரு பழைய ஊரின் எச்சம் அங்கே இருக்கிறது. அவ்வூரின் பெயர் குவாவா. அம்மக்களின் திவா மொழியில் அதற்கு 'என்றும் பசுமையானது' என்று பொருள். 1300களின் முற்பகுதியில் எழுந்து, ஏறத்தாழ 1,200 அறைகள் கொண்டதாக வளர்ந்து, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்த ஊர். சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டார்கள். வான்கோழி வளர்த்தார்கள். முற்றங்களைச் சுற்றி, சுவரோடு சுவர் ஒட்டிய அடுக்கு வீடுகளில் வாழ்ந்தார்கள். அறைக்குள் இறங்க மேற்கூரையின் திறப்பும் ஏணியும்தான் வழி.

நுழைவாயிலில் இருக்கும் பெயர்ப்பலகையில் குவாவா என்ற பெயர் இல்லை. 'கொரொனாடோ வரலாற்றுத் தலம்' என்றே எழுதியிருக்கிறார்கள். பிரான்சிஸ்கோ வாஸ்கெஸ் தெ கொரொனாடோ என்பவர் 1540ஆம் ஆண்டு படையோடு இந்தப் பகுதிக்குள் நுழைந்த ஸ்பானியத் தளபதி. அவர் வருகையின் நானூறாம் ஆண்டை 1940இல் கொண்டாடுவதற்காக, அவர் தங்கிய இடத்தைத் தேடி 1930களில் இங்கே தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வு. ஆனால் தலத்திற்கு வைத்த பெயர் படைத்தளபதியுடையது. வீட்டைத் தோண்டி எடுத்துவிட்டு, வீட்டை இடிக்க வந்தவனின் பெயரை வாசலில் எழுதுவது விந்தையான மரபு.

வெயில் ஏறுவதற்குள் சுற்றிப் பார்த்துவிடுவோம் என்று நடந்தோம். இடுப்பளவு உயரமே உள்ள மண் சுவர்கள் சதுரம் சதுரமாக நிலத்தில் விரிந்து கிடக்கின்றன. இவை 1930களில் அடையாளத்துக்காக எழுப்பப்பட்டவை என்றும், பழைய சுவர்கள் பாதுகாப்பாக மண்ணுக்குள் மூடப்பட்டிருக்கின்றன என்றும் வழிகாட்டி சொன்னார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், தன்னார்வமாக இப்பணியைச் செய்கிறவர். ஆசிரியத் தொழில் செய்வோர் ஒருவரையொருவர் எளிதில் கண்டுகொள்வார்கள் போலும். எங்கள் மகன் ஏதோ கேட்டபோது, அவர் விடையைச் சொல்லாமல் அவனையே சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கே தொட அனுமதி இருந்த சுவர் அது ஒன்றுதான்.

வெயில் சுட்டெரித்தது. தண்ணீர்ப் புட்டியை நீட்டினால் மகள் வாங்க மறுத்தாள். வற்புறுத்திக் கேட்டபோதுதான் மெல்லச் சொன்னாள்: "வாப்பா, இது அழிக்கப்பட்டவங்களோட ஊர்தானே? இங்க தண்ணி குடிக்கக் கூடாதுல்ல?"

எங்கள் இருவருக்கும் ஒரு கணம் பேச்சு எழவில்லை. தபூக் பயணத்தின்போது ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடந்த நபி (ஸல்) அவர்கள், அழுதவர்களாக அன்றி அங்கே நுழைய வேண்டாம் என்றதும், அங்குள்ள கிணற்று நீரைக் கொட்டிவிடச் சொன்னதும், அந்நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போடச் சொன்னதும் நாம் அறிந்தவை. அந்த நபிமொழியைத்தான் பிள்ளை பற்றிக்கொண்டிருந்தாள். படித்ததைப் பின்பற்ற வேண்டும் என்ற ஈடுபாடு அவளிடம் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் இந்த ஊருக்குப் பொருந்துமா?

"இல்லம்மா, இவங்க ஸமூது இல்ல" என்று சொல்லிவிடுவது எளிது. ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமல்லவா? ஆற்றோரமாக நிழற்பந்தலின் கீழ் இருந்த மரப்பலகைகளில் அமர்ந்துகொண்டோம். அன்று அங்கே பேசியதையும், வீடு திரும்பி நூல்களைப் புரட்டியபின் தெளிந்ததையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

ஸமூது கூட்டத்தாரிடம் ஸாலிஹ் (அலை) அவர்கள் வந்தார்கள். அவர்கள் மொழியிலேயே பேசினார்கள். ஒட்டகம் அத்தாட்சியாக வந்தது. எச்சரிக்கப்பட்டார்கள். அறிந்தே மறுத்தார்கள். அதன் பிறகே தண்டனை இறங்கியது. தூதரை அனுப்பாதவரை இறைவன் எச்சமுதாயத்தையும் தண்டிப்பதில்லை என்ற பொருள்பட பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு தூதரும் தம் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்று இப்ராஹீம் அத்தியாயம் கூறுகிறது. தூதுச் செய்தி சென்றடையாத மக்களைப் பற்றி நம் இமாம்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஃபைஸலுத் தஃப்ரிகா என்னும் சிறுநூலில், தொலைதூர நாடுகளில் இஸ்லாத்தைக் கேள்விப்படாதவர்களைப் பற்றியும், பொய்யும் திரிபுமாக மட்டுமே கேள்விப்பட்டவர்களைப் பற்றியும் எழுதி, அவர்களை இறைவனின் அருளுக்குரியவர்களாகவே கருதுகிறார்கள். தங்கள் காலத்து ரோமானியரையும் துருக்கியரையும் மனத்தில் வைத்து எழுதியது அது. கடல்களுக்கு அப்பால் இருந்த குவாவா மக்களை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

ஓர் ஊர் இடிந்து கிடப்பது மட்டுமே அதன் மக்கள் மீது கோபம் இறங்கியதற்குச் சான்று ஆகாது. வஹீயின் மூலம் நமக்கு அறிவிக்கப்பட்ட ஊர்களைப் பற்றி மட்டுமே நாம் அப்படிச் சொல்ல முடியும். மற்ற ஊர்களைப் பற்றி அவ்வாறு தீர்ப்புச் சொல்ல நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? இந்த இடத்தில் நம் சொற்பொழிவாளர்கள் சிலரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. நிலநடுக்கமோ வெள்ளமோ வந்துவிட்டால், மறுவாரமே மிம்பரில் ஏறி, அது இன்ன பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பட்டியல் வாசிப்பவர்கள் உண்டு.

அப்படியானால் குவாவா எப்படிக் காலியானது? வழிகாட்டியிடம் மகளே கேட்டாள், மாமா மொழிபெயர்த்தார்.

1540ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கொரொனாடோவின் படை இந்த ஆற்றங்கரைக்கு வந்தது. தங்கத்தால் ஆன ஏழு நகரங்கள் வடக்கே இருப்பதாக ஒரு வதந்தி. அதை நம்பி, முந்நூறுக்கு மேற்பட்ட ஐரோப்பியரும், மெக்சிகோவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடி வீரர்களுமாக வந்தார்கள். இந்தப் பகுதிக்குத் திவெஷ் என்று பெயர், பன்னிரண்டு ஊர்கள் இருந்தன என்கிறது அப்படையில் இருந்த ஒருவரின் குறிப்பு. குளிர்காலம் நெருங்கியதும் ஓர் ஊரையே காலி செய்யவைத்து அதில் படை குடியேறியது. மற்ற ஊர்களிலிருந்து தானியமும் போர்வையும் பறிக்கப்பட்டன. உடுத்தியிருந்த ஆடையையும் கழற்றித் தரச் சொன்னார்கள். ஒரு பெண் மானபங்கப்படுத்தப்பட்டாள், முறையிட்டும் நீதி கிடைக்கவில்லை. மக்கள் எழுந்தார்கள். சரணடைந்த கைதிகளைக் கம்பத்தில் கட்டி உயிரோடு எரித்ததை அப்படையினரின் ஏடுகளே பதிவு செய்திருக்கின்றன. மற்றோர் ஊரை வாரக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். உள்ளே தண்ணீர் தீர்ந்து, கிணறு தோண்டும்போது அது சரிந்து பலர் இறந்தார்கள். இந்தக் கொடுமைகளுக்காகப் பின்னர் விசாரணை நடந்தது. துணைத்தளபதி கார்தெனாஸ் தண்டிக்கப்பட்டார், கொரொனாடோ விடுவிக்கப்பட்டார். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி குவாவா வெறிச்சோடிப் போயிற்று.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் முழுமையாகச் சொல்லவில்லை, சொல்லத்தக்கதைச் சொன்னோம். மகன் கேட்டான்: "அப்ப அநியாயம் செஞ்சது யாரு?" அந்தக் கேள்விக்கு எங்கள் விளக்கம் தேவைப்படவில்லை.

இங்கே இன்னொரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஸ்பானியத் தளபதிகள் ஓர் ஊரைத் தாக்குமுன் ஒரு பத்திரத்தை உரக்க வாசிக்க வேண்டும் என்று 1513 முதல் விதி இருந்தது. திருச்சபைக்கும் மன்னருக்கும் பணியுங்கள், பணியாவிட்டால் போர் தொடுப்போம், அடிமைகளாக்குவோம், அதனால் வரும் கேடுகளுக்கு நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். வாசித்த மொழி கேட்டவர்களுக்குப் புரியாது. சில வேளைகளில் கேட்கும் தூரத்தில்கூட ஆள் இருந்ததில்லை. செய்தியைச் சேர்ப்பித்தாயிற்று என்று கணக்கில் எழுதிக்கொள்வதற்காக மட்டும் ஒரு வாசிப்பு. தூதுத்துவம் என்றால் என்ன என்பதை மாணவர்களுக்கு விளக்க, அதன் போலியாகிய இந்தப் பத்திரத்தைவிடத் தெளிவான எதிர்ச்சான்று எங்களுக்குக் கிடைத்ததில்லை. ஸாலிஹ் (அலை) தம் மக்களை 'என் சமூகத்தாரே' என்று விளித்தார்கள். இவர்களோ அந்நியர்களைப் பார்த்து அந்நிய மொழியில் அறிவித்துவிட்டு, வாளை உருவினார்கள்.

இந்த மனிதர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கிரனாடா 1492இல் வீழ்ந்தது. கொடுத்த உடன்படிக்கையை மீறி, சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த முஸ்லிம்கள் மதம் மாற நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். கொரொனாடோ அதற்கடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர். மெக்சிகோவின் கோயில்களைக் கண்ட கோர்த்தெஸ் அவற்றைத் தம் கடிதங்களில் 'மெஸ்கித்தா', அதாவது மஸ்ஜித், என்றே எழுதினார். முன்பு வென்ற எதிரியின் சாயலையே புதிய எதிரியிடமும் கண்டார்கள். இன்னும் வியப்பு: 1540 கோடையில் கொரொனாடோ முதலில் கைப்பற்றிய ஊர், இதற்கு மேற்கே சூனி மக்களின் ஹவிகு. அதற்கு அவர் சூட்டிய பெயர் கிரனாடா. பார்வைக்கு ஓரளவு அந்நகரைப் போலிருப்பதாகவும், தம் அரசப்பிரதிநிதியைச் சிறப்பிக்கவும் அப்பெயரை இட்டதாகத் தம் கடிதத்தில் எழுதினார்.

எனவே மகளிடம் சொன்னோம்: இந்த ஊரை ஸமூதின் ஊரோடு சேர்த்து எண்ணாதே, கிரனாடாவோடு சேர்த்து எண்ணு. அவள் புட்டியைத் திறந்து குடித்தாள்.

ஹவிகுவைச் சொல்லும்போது இன்னொருவரையும் நினைக்க வேண்டும். மொராக்கோவின் அஸம்மூரைச் சேர்ந்த, எஸ்தேவானிகோ என்று ஏடுகள் குறிப்பிடும் கறுப்பின அடிமை அவர். 1528இல் புளோரிடாவில் கரையிறங்கிச் சிதைந்துபோன ஒரு படையில் உயிர் பிழைத்த நால்வரில் ஒருவர். எட்டு ஆண்டுகள் கண்டத்தின் குறுக்கே நடந்தார், பல மொழிகளில் பேசக் கற்றார். 1539இல் ஒரு பாதிரியாருக்கு முன்னோடியாக அனுப்பப்பட்டு, ஹவிகுவில் உயிரிழந்தார். நம் சமூக ஊடகங்களில் 'அமெரிக்காவைக் கண்ட முதல் முஸ்லிம் முஸ்தஃபா' என்று இவரைப் பற்றி அடிக்கடி பகிர்கிறார்கள். அக்கால ஏடுகள் தரும் பெயர் எஸ்தேவான் மட்டுமே. முஸ்தஃபா என்பது பிற்காலத்தார் சேர்த்தது. பெயர் பறிக்கப்பட்ட ஒருவருக்கு நாமும் நம் விருப்பம்போல் ஒரு பெயரைச் சூட்ட வேண்டுமா? அவருக்காகத் துஆச் செய்வதற்கு அவரது பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

பெயர் சூட்டும் இந்தப் பழக்கம் எங்கெல்லாம் சென்றது! 'பியூப்லோ' என்பதே ஸ்பானியச் சொல்தான், ஊர் என்று பொருள். இம்மக்களின் முன்னோரை நெடுங்காலம் 'அனசாசி' என்றார்கள். அது நவஹோ மொழியில் பகைவரின் முன்னோர் என்னும் பொருள் தருவது, அதனால் இன்றைய பியூப்லோ மக்கள் அதை விரும்புவதில்லை. வட ஆப்பிரிக்க முஸ்லிம்களை 'மோரோ' என்றழைத்த ஐபீரியர்கள், பிலிப்பைன்ஸில் கண்ட முஸ்லிம்களுக்கும், இலங்கையில் கண்ட நம் தமிழ் பேசும் சகோதரர்களுக்கும் அதே முத்திரையைக் குத்தினார்கள். இலங்கையின் குடிக்கணக்கெடுப்பில் ஆங்கிலத்தில் இன்றும் அச்சொல்லே நிற்கிறது. தமிழில் சோனகர் என்கிறோம். ஒரே கப்பற்படை மரபு இரு திசைகளில் வீசிய சொற்கள் இவை.

அருங்காட்சியகக் கட்டடத்தில் ஒரு தனி அறை உண்டு. அதில் படம் எடுக்கக் கூடாது. 1935இல் தோண்டும்போது இங்கே ஒரு சதுரக் கிவா கிடைத்தது. கிவா என்பது நிலத்துக்கடியில் அமைந்த, இம்மக்களின் சடங்குக்கூடம். அதன் சுவரில் 85 பூச்சு அடுக்குகள் இருந்தன, அவற்றுள் 17இல் ஓவியங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிப் பூசி வரைந்திருக்கிறார்கள். அடுக்கடுக்காகப் பிரித்தெடுக்கப்பட்ட அவற்றில் சில அந்த அறையில் வைக்கப்பட்டுள்ளன. மழை, மின்னல், மீன், பறவை, விதை. வறண்ட நிலத்தில் மழைக்காக ஏங்கிய மக்களின் ஓவியங்கள் என்பது பார்த்தவுடன் புரிகிறது. உருவங்களும் இருக்கின்றன. நம் அகீதா வேறு, அவர்களின் வழிபாடு வேறு. இதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆயினும் மழை பொய்த்த ஆண்டில் மேலாடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திடலில் மழைத் தொழுகைக்கு நின்றவர்களுக்கு அந்த ஏக்கம் விளங்காமல் போகாது.

வெளியே, தோண்டிய கிவாவை மீண்டும் கட்டி, ஏணி வழியாக இறங்கிப் பார்க்க வைத்திருக்கிறார்கள். சுவரில் உள்ள மறுபடிகளை 1938இல் அருகிலுள்ள சியா பியூப்லோவைச் சேர்ந்த ஓவியர் மா பெ வி வரைந்தார். இறங்கலாமா என்பதில் எங்களிருவருக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை. வரலாற்றை அறிவதற்காக இறங்குவதில் தவறில்லை என்றார் ஒருவர். உருவங்கள் உள்ள வழிபாட்டிடத்தில் நுழைவதை உமர் (ரலி) அவர்கள் தவிர்த்ததை நினைவூட்டினார் மற்றொருவர். மாமாவும் மகனும் இறங்க ஆயத்தமாக நின்றார்கள்.

அந்நேரம் வழிகாட்டி சொன்னது எங்கள் விவாதத்தின் போக்கையே மாற்றியது. "இவர்கள் எங்கும் போய்விடவில்லை. நீங்கள் வந்த சாலையிலேயே, தெற்கே சாண்டியா பியூப்லோவில் இருக்கிறார்கள். இன்னும் தெற்கே இஸ்லெட்டாவிலும் இருக்கிறார்கள். இங்கே வந்துபோகிறார்கள். அவர்களுக்கு இது அருங்காட்சியகம் இல்லை."

ஸமூது கூட்டத்தாருக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை எங்களைவிட எளிமையாக அவர் முடித்துவிட்டார். ஸமூதில் எவரும் எஞ்சியிருப்பதாக நாம் காணவில்லை. இவர்களோ நியூ மெக்சிகோவில் மட்டும் இன்று 19 பியூப்லோக்களாக, தங்கள் மொழிகளோடு வாழ்கிறார்கள். 1680இல் போபே என்பவரின் தலைமையில் ஒன்றுபட்டு எழுந்து, ஸ்பானியரைப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்பகுதியிலிருந்தே வெளியேற்றி வைத்திருந்தார்கள். சாண்டியா மக்களில் பலர் மேற்கே ஹோப்பி மக்களிடம் அடைக்கலம் புகுந்து, இரண்டு தலைமுறைகளுக்குப் பின் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தம் ஊருக்குத் திரும்பிவந்தார்கள்.

கேள்வி அப்போது வேறாகிவிட்டது. உருவம் இருக்கும் இடத்தில் நுழைவது கூடுமா என்பதோடு, பிறருடைய வீட்டுக்குள் அவர்கள் இல்லாதபோது நுழையும் அதபு என்ன என்பதும் சேர்ந்துகொண்டது. பைத்துல் முகத்தஸில் கிறித்தவர்களின் பெரிய ஆலயத்தில் தொழுமாறு அழைக்கப்பட்ட உமர் (ரலி) அவர்கள், தாம் அங்கே தொழுதால் பிற்கால முஸ்லிம்கள் அதற்கு உரிமை கோரிவிடக்கூடும் என்று வெளியே வந்து தொழுததாக வரலாற்று ஆசிரியர்கள் கூறுவர். மகன் மாமாவோடு இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். நாங்கள் இருவரும் மகளோடு மேலேயே நின்றோம். மகள் கேட்கவில்லை, நாங்களும் விளக்கவில்லை.

லுஹர் நேரம் வந்தது. சுவர்களுக்கு நடுவே நிழலான இடம் இருந்தும், ஊரின் எல்லைக்கு வெளியே, நாங்கள் முன்பு அமர்ந்திருந்த நிழற்பந்தலுக்கே போனோம். அமெரிக்காவில் கிப்லா வடகிழக்காக அமைவதைப் புதிதாக வருவோர் நம்ப மறுப்பார்கள், உருண்டைக் கோளத்தை வைத்துக் காட்டினால்தான் ஏற்பார்கள். கஸ்ராக லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம்.

தொழுதபின் வழிகாட்டியோடு சற்றுப் பேச வாய்த்தது. சுவர்களைக் காட்டி, 'அடோபி' என்றார். அது எங்கள் மொழிப் பாடத்தில் வரும் சொல் என்றோம். அவருக்கு விளங்கவில்லை. அரபியில் 'அத்தூப்' என்றால் செங்கல். எகிப்தின் பழைய மொழியிலிருந்து அரபிக்கு வந்து, அந்தலுஸ் வழியாக ஸ்பானியத்தில் அடோபி ஆயிற்று. கொரொனாடோ வருமுன் குவாவா மக்கள் மரச்சட்டத்தில் கல் அறுக்கவில்லை. குழைத்த மண்ணைக் கையாலேயே படைபடையாக வைத்துச் சுவர் எழுப்பினார்கள். அச்சில் வார்த்த பச்சைக் கல்லும் அதன் அரபுப் பெயரும் ஸ்பானியரோடு வந்து சேர்ந்தன. ஆற்றிலிருந்து வயலுக்கு நீர் கொண்டு செல்லும் வாய்க்காலை அங்கே இன்றும் 'அசேக்கியா' என்கிறார்கள், அது நம் 'அஸ்ஸாகியா'. ஊர் நீதிபதியாகிய 'அல்கால்தே', அல்காழீ. அரபி பேசுவதையே 1567இல் ஸ்பெயின் அரசு தடை செய்தது. தடை செய்தவர்களின் நாவிலேயே அது கடல் கடந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அந்த முதியவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அத்தூப் என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டார். அரபு எழுத்திலேயே எழுதிக் கொடுத்தோம்.

அடுத்த வாரம் வடக்கே அபிகியூ சென்றோம். அங்கே மேட்டு நிலத்தில் தாருல் இஸ்லாம் என்னும் மஸ்ஜிதும் மத்ரஸாவும் இருக்கின்றன. எகிப்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி, 1980ஆம் ஆண்டு வாக்கில் நூபியக் கொத்தனார்களை அழைத்துவந்து, பச்சைக் கல்லால் குவிமாடங்களையும் வளைவுக் கூரைகளையும் எழுப்பிக் காட்டிய இடம். அதைப் பற்றித் தனியே எழுத எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். உள்ளே நுழைந்ததும் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சுவரிடம் போய்க் கையை வைத்தாள். வெளியே நண்பகல் வெயில், சுவரோ குளிர்ச்சியாக இருந்தது. "குவாவா சுவரும் இப்படித்தானே இருந்திருக்கும்?" என்றாள்.

செல்ல விரும்பும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. சாண்டியா போன்ற பியூப்லோக்களில் இன்று மக்கள் வாழ்கிறார்கள். சில விழா நாட்களில் வெளியாரை வரவேற்பார்கள், சில நாட்களில் ஊரையே அடைத்துவிடுவார்கள். அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது, வரையவும் கூடாது. நாங்கள் சென்ற வாரத்தில் ஓர் ஊரின் வாசலில், இன்று உள்ளே வர வேண்டாம் என்ற பலகை இருந்தது. காரணம் எழுதவில்லை. மாமா காரைத் திருப்பினார்.